அம்மா சாப்பிடும் காளான் பொடியில் ஈயம் இருக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது, எடை 55 கிலோ. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. போன மாதப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.4, ஹீமோகுளோபின் 9.8. சுத்த சைவம். மெட்ஃபார்மினும் ஆஸ்பிரின் 75 மி.கி.யும் சாப்பிடுகிறார். நாலு மாதமாக, தெரிந்தவர் ஒருவர் விற்கும் ரெய்ஷி என்ற மருந்துக் காளான் கேப்சூல், 500 மி.கி., நாளைக்கு மூன்று. உத்தராகண்ட் யாத்திரை போன பெரியப்பா கீடா ஜடி என்ற மலைப்பூஞ்சையின் பொடி 30 கிராம் வாங்கி வந்தார். மூன்று வாரமாக அதையும் தினம் ராத்திரி அரை டீஸ்பூன் பாலில் கலந்து குடிக்கிறார். அதில் ஆர்சனிக் இருக்கிறது என்று படித்ததிலிருந்து எனக்குப் பயம். ரெய்ஷி விற்பவர் “லேப் ரிப்போர்ட் பாஸ்” என்று ஒரு தாளைக் காட்டுகிறார். அதை நம்பலாமா? அம்மாவுக்கு என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்? சிப்பிக்காளான் வளர்க்கும் என் தம்பி ரெய்ஷியும் போட்டுப் பார்க்கலாம் என்கிறான். அவன் எதைக் கவனிக்க வேண்டும்?
— திருச்சி வாசகி

பதில்: கீடா ஜடிப் பொடியை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். ரெய்ஷியையும், கீழே சொல்லப்போகும் எண்கள் உங்கள் கைக்கு வரும்வரை நிறுத்தி வையுங்கள். இரண்டையும் சட்டென்று நிறுத்துவதால் எந்தக் கெடுதலும் வராது. சர்க்கரை மாத்திரையையும் ஆஸ்பிரினையும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். மிச்சமிருக்கும் பொடியைக் கொட்டிவிட வேண்டாம். காற்றுப் புகாத பையில் போட்டு, வாங்கிய தேதியை எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அதற்குப் பிறகு வேலை இருக்கிறது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் வீட்டில் ஈயம் என்றால் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு ஞாபகத்துக்கு வரும். அது வெள்ளீயம். இங்கே நான் ஈயம் என்று எழுதுவதெல்லாம் காரீயம். மூளையையும் ரத்தத்தையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது அதுதான். அதனுடன் காட்மியம், ஆர்சனிக், பாதரசம் என்று இன்னும் மூன்று. காளான் மருந்துகளில் பார்க்க வேண்டியவை இந்த நான்குமே.

காளானில் மட்டும் ஏன் இந்தக் கவலை? காளான் தான் வளரும் பொருளைத் தின்று வளர்கிறது. அதன் இழைகள் அமிலங்களையும் நொதிகளையும் வெளியே கசியவிட்டு, மரத்தையோ மண்ணையோ கரைத்து உறிஞ்சுகின்றன. அந்தக் கரைசலில் இரும்பும் துத்தநாகமும் வரும்போது காட்மியமும் கூடவே வருகிறது. செடியின் வேரில் இருக்கும் தடுப்புத் தோல் இழைக்குக் கிடையாது. உள்ளே வந்த உலோகத்தைப் புரதங்களோடு கட்டி ஓரமாக வைத்துக்கொள்ளும் திறனும் காளானுக்கு உண்டு. அதனால் உலோகம் சேர்ந்தாலும் காளான் சாகாது, வாடாது, நிறம் மாறாது. பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க வழியில்லை.

எல்லாக் காளானும் ஒரே மாதிரி சேர்ப்பதில்லை. மரத்தில் வளரும் ரெய்ஷி போன்றவற்றில் பொதுவாகக் குறைவு. மண்ணிலும் உரக்குவியலிலும் வளர்பவற்றில் அதிகம். அகாரிகஸ் பிளேசி, ஹிமேமட்சுடாகே என்ற பெயர்களில் புற்றுநோயாளிகளிடம் விற்கப்படும் காளான் காட்மியத்தைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதில் பேர் போனது. யாராவது அதை அம்மாவுக்குச் சிபாரிசு செய்தால், காட்மியம் அளவைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இனி கீடா ஜடி. பித்தோராகட், சமோலி மாவட்டங்களின் உயரப் புல்வெளிகளில், நேபாளத்தின் டோல்பாவில், திபெத்தில், 3,000 மீட்டருக்கு மேலே, மண்ணுக்குள் வாழும் ஓர் அந்துப்பூச்சியின் புழுவைக் கொன்று, அதன் தலையிலிருந்து முளைக்கும் பூஞ்சை இது. நேபாளத்தில் யார்சா கும்பா என்பார்கள், மருந்து வியாபாரத்தில் கார்டிசெப்ஸ் என்பார்கள். புழுவும் மண்ணுக்குள், பூஞ்சையும் மண்ணுக்குள். திபெத் பீடபூமி மண்ணில் ஆர்சனிக் இயல்பாகவே அதிகம். நீங்கள் படித்தது, 2016 பிப்ரவரியில் சீன உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்ட எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கார்டிசெப்ஸிலும் அதன் பொடி, மாத்திரைகளிலும் கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மி.கி. வரை ஆர்சனிக் இருந்தது. சத்துணவுப் பொருள்களுக்கு அங்கே உச்சவரம்பு 1.0 மி.கி. 2012-இல் தொடங்கியிருந்த, கார்டிசெப்ஸைச் சத்துணவுப் பொருளாக விற்க அனுமதிக்கும் சோதனைத் திட்டத்தை அதே மாத இறுதியில் நிறுத்திவிட்டார்கள். இந்தப் பூஞ்சையை நூற்றாண்டுகளாக மருந்தாகக் கொண்டாடும் நாடே இந்த முடிவுக்கு வந்தது.

இந்த எண்ணை அம்மாவின் கிண்ணத்துக்குக் கொண்டுவருவோம். பி.பி.எம். என்பது கிலோவுக்கு ஒரு மில்லிகிராம், அதாவது கிராமுக்கு ஒரு மைக்ரோகிராம். ஆகவே பி.பி.எம். எண்ணை ஒரு நாளைக்குச் சாப்பிடும் கிராமால் பெருக்கினால், ஒரு நாளைக்கு உடம்புக்குள் போகும் மைக்ரோகிராம் கிடைக்கும். வேறு கணக்கே தேவையில்லை. அரை டீஸ்பூன் பொடி சுமார் 1.2 கிராம் என்று வைத்தால், ஆர்சனிக் 5 முதல் 12 மைக்ரோகிராம். வாயால் சாப்பிடும் மருந்தில் கனிம ஆர்சனிக் ஒரு நாளைக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐ.சி.எச். என்ற சர்வதேச மருந்துத் தர அமைப்பின் வரம்பு. 50 கிலோ எடையுள்ளவரை மனதில் வைத்துப் போட்டது, உங்கள் அம்மாவுக்குப் பொருந்தும்.

சீன எச்சரிக்கையில் உள்ளது மொத்த ஆர்சனிக். கரிம ஆர்சனிக்கில் சில வகைகள் அவ்வளவு நஞ்சல்ல. கனிம ஆர்சனிக்தான் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பட்டியலில் வைத்தது. மொத்த எண்ணை வைத்து எவ்வளவு கனிமம் என்று சொல்ல முடியாது. அதற்கு வகை பிரித்துப் பார்க்கும் சோதனை வேண்டும். அப்படிப் பிரித்த ரிப்போர்ட் இல்லாதபோது முழுவதும் கனிமம் என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு.

சோற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 200 கிராம் அரிசியில் கிலோவுக்கு 0.1 மி.கி. கனிம ஆர்சனிக் இருந்தாலே 20 மைக்ரோகிராம் ஆகிவிடும். வெள்ளை அரிசிக்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு வைத்த உச்சவரம்பு கிலோவுக்கு 0.2 மி.கி. சோறு சாப்பிடும் நாம் ஏற்கெனவே ஒரு பங்கைச் சுமக்கிறோம். பொடியில் வருவது அதன் மேல் கூடுவது. மூன்று வாரம் சாப்பிட்டதால் அம்மாவுக்கு ஆர்சனிக் நஞ்சேறிவிட்டது என்று பதற வேண்டாம், இந்த அளவில் அப்படி நடக்காது. வருடக்கணக்கில் சாப்பிட்டால்தான் தோல், நரம்பு, சிறுநீர்ப்பை என்று வினை வரும்.

என்னை உண்மையாகவே கவலைப்பட வைப்பது ஆர்சனிக் அல்ல, உங்கள் கடிதத்தில் இருக்கும் ‘பொடி’ என்ற சொல். கீடா ஜடி எடைக்கு எடை விற்கும் பொருள். விலை தங்கத்தோடு ஒப்பிடும் அளவு. எடை கூட்ட ஆசை வராமல் இருக்குமா? புழு உடலுக்குள் கம்பி செருகுவதும், உலோகப் பொடி ஏற்றுவதும், உடைந்த துண்டுகளைக் குச்சியால் ஒட்டுவதும் இந்த வியாபாரத்தில் தெரிந்த மோசடிகள். தைவானில் கார்டிசெப்ஸ் பொடி சாப்பிட்டு ஈய நஞ்சேறிய இருவரைப் பற்றிய மருத்துவக் குறிப்பு 1996-இல் வெளிவந்தது. அந்தப் பொடியில் ஈயம் 20,000 பி.பி.எம். வரை இருந்தது. ஒரு கிராமுக்கு 20 மில்லிகிராம். ஒருவரின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 130 மைக்ரோகிராம். மண்ணிலிருந்து பூஞ்சை இந்த அளவை உறிஞ்சவே முடியாது. இது வழியில் சேர்ந்தது.

முழுப் புழுவாக வாங்கியிருந்தால் கொஞ்சமாவது பார்க்கலாம். அசல் என்றால் உடல் 3 முதல் 5 செ.மீ. நீளம், மஞ்சள் கலந்த பழுப்பு, வளையம் வளையமாக. அடிவயிற்றில் எட்டு ஜோடிக் கால்கள் இருக்கும். நடுவிலுள்ள நான்கு ஜோடி மட்டும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். விரலால் ஒடித்தால் சுலபமாக ஒடியும்; உள்ளே வெளிர்மஞ்சள் வெண்மை. கம்பியோ குச்சியோ இருந்தால் ஒடியாமல் வளையும், அல்லது நடுவில் துருத்தும். காந்தம் இரும்பைக் காட்டும், ஈயத்தைக் காட்டாது. அரைத்துப் பொடியாக்கிவிட்டால் இந்தச் சோதனை எதுவுமே கிடையாது. பெரியப்பா நல்ல மனதோடுதான் வாங்கி வந்திருப்பார். அவரை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முகம் தெரியாத கடையில் வாங்கிய கீடா ஜடிப் பொடியை யாருக்கும் கொடுக்கக் கூடாது, சிறுநீரகம் தளர்ந்தவருக்கு நிச்சயமாகக் கூடாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. கடையில் ‘கார்டிசெப்ஸ்’ என்று கேப்சூலாகக் கிடைப்பது பெரும்பாலும் கார்டிசெப்ஸ் மிலிடாரிஸ் என்ற வேறு இனம். ஆரஞ்சு நிறம், ஆய்வுக்கூட அறையில், கண்ணாடிப் பாட்டிலில், பெரும்பாலும் பழுப்பரிசி மேல் வளர்ப்பது. மலை மண் இல்லை என்பது நல்லது. ஆனால் அரிசியின் ஆர்சனிக் தவிட்டில்தான் அதிகம். உமி மட்டும் நீக்கிய அரிசிக்கு கோடெக்ஸ் வரம்பு 0.35 மி.கி. காளானைப் பிரிக்காமல் அரிசியோடு சேர்த்தே அரைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இதற்கும் ரிப்போர்ட் கேட்கத்தான் வேண்டும்.

இப்போது அந்த ‘பாஸ்’ தாள். நம் நாட்டில் மூலிகை மருந்துகளுக்கு வரம்பு: ஈயம் 10 பி.பி.எம்., ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. விற்பவர் காட்டும் ரிப்போர்ட்டில் ஈயம் 9 என்று இருந்தாலும் ‘பாஸ்’தான், பொய்யில்லை. ஆனால் அம்மா தினம் 1.5 கிராம் ரெய்ஷி சாப்பிடுகிறார். 9-ஐ 1.5-ஆல் பெருக்குங்கள்: 13.5 மைக்ரோகிராம் ஈயம். ஐ.சி.எச். வரம்பு ஒரு நாளைக்கு 5 மட்டுமே. சட்டப்படி பாஸான மருந்தே இரண்டரை மடங்கு அதிகமாகக் கொடுக்கிறது! பி.பி.எம். வரம்பு பொருளுக்கு வைத்தது. அதை எத்தனை கிராம் சாப்பிடுகிறோம் என்பது அதற்குத் தெரியாது. கால் கிராம் சாப்பிடும் மருந்துக்கும் பத்து கிராம் சாப்பிடும் மருந்துக்கும் ஒரே 10 பி.பி.எம். என்பது சரியாக வராது என்பதே என் கருத்து.

திருப்பிப் போட்டால், 1.5 கிராம் சாப்பிடுபவருக்கு ஈயம் 3.3 பி.பி.எம்.-க்குக் கீழே இருக்க வேண்டும். ஐரோப்பாவில் இதே வகை கேப்சூல்களுக்கு வரம்பு 3.0 என்று இருப்பது இதோடு ஒத்துப்போகிறது. அங்கே காட்மியத்துக்கு 1.0, பாதரசத்துக்கு 0.10. காட்மியத்தில் நம் 0.3 அதைவிடக் கண்டிப்பானது, 1.5 கிராமில் அரை மைக்ரோகிராமுக்கும் கீழே, பயமில்லை. ஆகவே ரெய்ஷி ரிப்போர்ட்டில் உங்கள் கண் முதலில் போக வேண்டியது ஈயத்தின் மேல்.

அந்தத் தாளை மேசையில் வைத்து மேலிருந்து கீழே படியுங்கள். தாளில் அச்சடித்த பேட்ச் எண்ணும் உங்கள் டப்பாவின் அடியில் இருக்கும் பேட்ச் எண்ணும் ஒன்றா? இல்லையென்றால் அது வேறு யாரோ சாப்பிட்ட மருந்தின் ரிப்போர்ட். ஒவ்வொரு பேட்சும் வேறு மரத்தூள், வேறு தண்ணீர். அடுத்து, ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்குச் சான்று தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா, அந்த அங்கீகாரம் இந்தச் சோதனைக்கும் உண்டா. எந்த முறை என்ற இடத்தில் ஐ.சி.பி.-எம்.எஸ். என்று இருந்தால் நல்லது. நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, மிகச் சிறிய அளவையும் அளக்கும் கருவி அது. ‘கண்டறியப்படவில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. எந்த அளவுக்குக் கீழே கண்டறிய முடியாது என்ற எண் பக்கத்தில் இருக்க வேண்டும். 5 பி.பி.எம்.-க்குக் கீழே பார்க்க முடியாத கருவியில் ‘இல்லை’ என்று வந்தால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. ‘கன உலோகங்கள்: 20 பி.பி.எம்.-க்குள்’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் அது பழைய நிறச் சோதனை. நான்கு உலோகத்துக்கும் நான்கு தனி எண் வேண்டும்.

பச்சைக் காளானுக்கான வரம்பைக் காட்டி உலர்ந்த பொடியை விற்பதும் நடக்கிறது. பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். காய்ந்தால் உலோகம் ஆவியாகாது. எண் பத்து மடங்காகும். ஐரோப்பாவில் சிப்பிக்காளானுக்குக் காட்மியம் வரம்பு 0.15 என்பது பச்சை எடைக்கு. உலர்ந்த எடைக்கு அது ஏறக்குறைய 1.5. எந்த எடைக்கு என்று தாளில் எழுதியிருக்கிறதா பாருங்கள். ‘10:1 எக்ஸ்ட்ராக்ட்’ என்றால் பத்து கிலோ காளானை ஒரு கிலோவாகச் சுருக்கியது. உலோகத்தில் பாதி மட்டும் சாறோடு வந்திருந்தாலும் கிராமுக்கு அளவு ஐந்து மடங்கு. காளானின் ரிப்போர்ட்டைக் காட்டி எக்ஸ்ட்ராக்ட்டை விற்றால் ஏற்காதீர்கள். கேப்சூலுக்குள் இருக்கும் பொடியையே சோதித்திருக்க வேண்டும்.

காளானின் கைட்டின் நார் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் உடம்பில் சேராது, இன்னும் சொன்னால் உள்ளே இருக்கும் நஞ்சையும் இழுத்துக்கொண்டு போகும் என்று ஒரு பேச்சு உங்கள் காதுக்கும் வந்திருக்கும். நார் உலோகத்தைப் பிடிப்பது உண்மைதான், ஆனால் அமிலத்தில் பிடி தளர்ந்துவிடும். நம் வயிறு அமிலத் தொட்டி. பொடியை அப்படியே விழுங்கும்போது அதிலுள்ளது கரைந்து குடலுக்குப் போவதற்கான வழி திறந்தே இருக்கிறது. கஷாயமாக வைத்துச் சக்கையைக் கொட்டினால் ஒரு பங்கு சக்கையோடு போகும். அந்த வகையில் பொடியைவிடக் கஷாயம் மேல். கழுவினால் மேல்தூசி மட்டும் போகும். கொதிக்க வைத்தால் உலோகம் எங்கும் போகாது. சமையல் காளான் என்றால் வெந்த நீரை வடித்துக் கொட்டலாம், கஷாயத்தில் அந்த நீரைத்தானே குடிக்கிறோம்.

யாராவது கஷாயம் வைத்தால் எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் வையுங்கள். ஈயச் சொம்பு வேண்டாம், வெள்ளீயம் பூசிய பித்தளையும் வேண்டாம். வெள்ளீயம் என்று விற்பதில் காரீயம் கலந்திருந்தால் அதுவும் கஷாயத்தில் இறங்கும். பளபளவென்று மெருகேற்றிய, எங்கிருந்து வந்தது என்று தெரியாத பீங்கான் ஜாடியும் அப்படியே.

அம்மாவின் உடம்புக்கு வருகிறேன். 62 வயதுப் பெண்ணுக்குக் கிரியாட்டினின் 1.4 என்றால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 42 மி.லி. அளவில் இருக்கும். ‘கொஞ்சம்தான் கூட’ என்று விட்டுவிடும் எண் இல்லை, மூன்றாம் நிலை. இந்த எண்ணோடு மெட்ஃபார்மின் அளவையும் டாக்டர் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். காட்மியம் போய் உட்காரும் இடமே சிறுநீரகம். அங்கே அதன் ஆயுள் 10 முதல் 30 வருடம். உள்ளே போனால் வெளியே கொண்டுவர நல்ல மருந்து கிடையாது.

ஹீமோகுளோபின் 9.8 இதைவிட நேரடியான விஷயம். உடம்பில் இரும்பு குறைந்தால் குடல் இரும்பை இழுக்கும் வாசல்களை அதிகம் திறக்கிறது. அதே வாசலில் காட்மியமும் நுழையும். சாதாரணமாக நூற்றில் ஐந்து பங்கு ஏறும் காட்மியம், இரும்புக் குறைவுள்ள பெண்ணுக்கு இரண்டு மடங்காக ஏறலாம். ஈயமும் காலி வயிற்றிலும் இரும்பு, கால்சியம் குறைந்த உடம்பிலும் அதிகம் ஏறும். ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்த டெஸ்ட்) பார்த்து இரும்பைச் சரிசெய்வது நீங்கள் வாங்கப்போகும் எந்த ‘டீடாக்ஸ்’ பாட்டிலையும்விட அம்மாவைக் காக்கும்.

டெஸ்ட்டில் நேரம் முக்கியம். ஆர்சனிக் நாலைந்து நாளில் சிறுநீரில் போய்விடும். அதனால் பொடியை நிறுத்திய ஒன்றிரண்டு நாளுக்குள் சிறுநீர் கொடுக்க வேண்டும். பத்து நாள் கழித்துக் கொடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று வந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. டெஸ்ட்டுக்காக இன்னும் இரண்டு நாள் சாப்பிடலாமே என்று மட்டும் நினைக்காதீர்கள். மீன் சாப்பிடுபவர்களுக்கு மீனிலுள்ள நஞ்சில்லா ஆர்சனிக் எண்ணைத் தூக்கிவிடும். அம்மா சைவம் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

ஈயத்துக்கு ரத்தம். கையின் நரம்பிலிருந்து எடுத்ததாக, அரிய தனிமங்களுக்கான அடர்நீல மூடிக் குழாயில் எடுத்ததாக இருக்க வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலின் தூசியே எண்ணைக் கெடுக்கும். ரத்தத்தில் ஈயத்தின் அளவு பாதியாக ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும், ஆகையால் இதற்கு அவசரமில்லை, ஆனால் இந்த மாதத்துக்குள் எடுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் என்றால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். காட்மியத்துக்குக் காலைச் சிறுநீர். எண் ‘கிரியாட்டினின் கிராமுக்கு’ என்று வர வேண்டும். 1 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் நிம்மதி, 5-க்கு மேல் என்றால் சிறுநீரக மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். கூடவே சிறுநீரில் அல்புமின், ஃபெரிட்டின், ஈரல் என்சைம்கள். ரெய்ஷியைப் பொடியாகச் சாப்பிட்டவர்களுக்கு ஈரல் பாதித்ததாக ஹாங்காங்கிலும் தாய்லாந்திலும் பதிவுகள் உண்டு. ரத்தம் உறைவதையும் ரெய்ஷி தளர்த்தலாம். ஆஸ்பிரின் சாப்பிடுபவர் அதைச் சேர்ப்பதற்கு முன் டாக்டரிடம் சொல்லியே தீர வேண்டும். பல் பிடுங்குவது, கண் ஆபரேஷன் என்றால் அதைவிட அதிகம்.

முடியை வெட்டி அனுப்பும் டெஸ்ட் வேண்டாம். ஒரு மருந்தைக் கொடுத்து உலோகத்தைக் கிளப்பி, பிறகு சிறுநீரை அளக்கும் டெஸ்ட்டும் வேண்டாம். அதில் யாருக்கும் எண் கூடித்தான் வரும், ஒப்பிட அளவுகோல் கிடையாது. அந்த எண்ணைக் காட்டி உலோகத்தை இழுக்கும் ஊசிகளை விற்பார்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அந்த ஊசியே ஆபத்து. வீட்டில் செந்தூரம், பற்பம் ஏதாவது சாப்பிடுகிறாரா என்பதையும் விசாரித்து டாக்டரிடம் சொல்லுங்கள், அவற்றில் உலோகமே மூலப்பொருள். வயிற்றைப் பிசையும் வலி, புதிதாக வந்த மலச்சிக்கல், கை கால் மரத்துப்போவது, மணிக்கட்டில் வலுக்குறைவு இவற்றில் ஏதாவது இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். மரத்துப்போவதை ‘சர்க்கரையால்தான்’ என்று ஒதுக்கிவிட வேண்டாம், ஆர்சனிக்கும் ஈயமும் அதையே செய்யும்.

தம்பிக்கு. அவர் கையில் இருப்பது பெரிய பொறுப்பு, ஏனென்றால் ரெய்ஷியில் வரும் உலோகத்தின் பெரும்பகுதியை வளர்ப்பவரே தடுக்க முடியும். மரத்தூளை எந்த மில்லில், என்ன மரத்தை அறுக்கும்போது எடுக்கிறார் என்பது முதல் கேள்வி. பச்சை மரம் அறுக்கும் மில்லின் தூள் மட்டும் எடுக்கலாம். ஃபர்னிச்சர் பட்டறைத் தூளில் பிளைவுட், பெயின்ட், பாலிஷ் கலந்திருக்கும். பழைய கட்டட மரத்தை அறுத்த தூளில் ஈயப் பெயின்ட் இருக்கலாம். பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய மரம் இன்னும் மோசம், அந்த மருந்தில் ஆர்சனிக்கும் குரோமியமும் தாமிரமும் சேர்ந்தே இருக்கும். பச்சை சாயம் ஏறிய மரத்தூள் தென்பட்டால் அந்த மில்லையே விட்டுவிடட்டும்.

தூளில் கொஞ்சம்தானே இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. ஒரு கிலோ காய்ந்த கலவையில் 0.1 மி.கி. காட்மியம் என்று வைப்போம், சிறிய எண்தான். அதில் கால் பங்கு, 0.025 மி.கி., காளானுக்குப் போகிறது. ஒரு கிலோ கலவையிலிருந்து காய்ந்த ரெய்ஷி 50 கிராம் வந்தால், கிராமுக்கு 0.5 மைக்ரோகிராம், அதாவது 0.5 பி.பி.எம். நம் வரம்பு 0.3 தாண்டிவிட்டது. கலவையில் இருந்ததைவிடக் காளானில் ஐந்து மடங்கு.

மரத்தூளோடு சேர்க்கும் 10 முதல் 20 சதவீதத் தவிட்டையும், ஓரிரு சதவீத ஜிப்சத்தையும் மறக்கக் கூடாது. உரத் தொழிற்சாலைக் கழிவு ஜிப்சம் விலை குறைவு. பாஸ்பேட் பாறையிலிருந்து வந்த காட்மியம் அதில் இருக்கலாம். சுரங்க ஜிப்சம் வாங்கட்டும். பழைய கெமிக்கல் பேரலில் மரத்தூளை ஊறவைப்பது பண்ணைகளில் சாதாரணமாக நடக்கிறது. ‘கழுவிட்டேன்’ என்றாலும் வேண்டாம். போர் தண்ணீரை ஒருமுறையாவது நான்கு உலோகத்துக்கும் சோதிக்க வேண்டும். காய வைப்பது ரோட்டோரத்திலோ பெயின்ட் அடித்த தகரத்தின் மேலோ கூடாது. தட்டு டிரையரில் 50 முதல் 60 டிகிரியில், ஈரம் 10 சதவீதத்துக்கு வரும்வரை. அரைக்கும் மெஷினில் தேய்மானம் இருந்தால் நிக்கலும் குரோமியமும் பொடியில் ஏறும். ரெய்ஷி கட்டை மாதிரி இறுகியது, பிளேடைத் தின்றுவிடும். அதனால் அரைக்கும் முன்னும் பின்னும் இரண்டு மாதிரி அனுப்பினால் எங்கே சேர்கிறது என்று தெரிந்துவிடும்.

மாதிரி எடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். நல்ல காளான் ஒன்றைப் பொறுக்கி அனுப்பினால் அது ஏமாற்று. ஒரே தேதியில் போட்ட பைகளில் பத்தைக் கண்ணை மூடி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு, ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கை எடுத்து, மறுபடி பிரித்து, 100 கிராம் ஆய்வகத்துக்கு. அதே அளவு இன்னொரு பையில் சீல் வைத்துப் பண்ணையில். மரத்தூள் வாங்கும் இடம் மாறினால் புதுச் சோதனை.

உங்களிடம் மிச்சமிருக்கும் கீடா ஜடிப் பொடி நாலைந்து கிராமாவது இருக்கும். சோதனைக்கு ஒரு கிராம்கூடத் தேவைப்படாது, ஆகையால் தாராளம். அம்மாவின் ரத்த ஈயம் 5 அல்லது அதற்கு மேல் வந்தால் அன்றே பொடியையும் ரெய்ஷி டப்பாவையும் தனித்தனியாக அனுப்புங்கள், எது குற்றவாளி என்று தெரிய வேண்டும். 5-க்குக் கீழே வந்தாலும் பொடியை மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். ரெய்ஷியைத் தொடர்வதானால் அதே பேட்ச் எண் உள்ள ரிப்போர்ட், ஈயம் 3 பி.பி.எம்.-க்குக் கீழே, டாக்டரின் சம்மதம், மூன்றும் கையில் இருக்க வேண்டும். விற்பவர் ரிப்போர்ட் தர இழுத்தடித்தால் அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.